மூன்று வருஷத்து ஞாயிற்றுக் கிழமைகள்

ஞாயிற்றுக் கிழமை என்றால் வீட்டில் எல்லோருக்கும் விடுமுறை. உங்களுக்கு மட்டும் இரட்டை வேலை. காலைக் காப்பி நிதானமாக இரண்டு தடவை வேண்டும் என்பார்கள். பலகாரம் விசேஷமாக இருக்க வேண்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்து, சமையலறையைக் கழுவித் துடைத்து, வாரப் பத்திரிகையைக் கையில் எடுத்துக் கொண்டு சற்றுச் சாயலாம் என்று பார்த்தால் மணி மூன்றாகிவிடும். "இந்த ஞாயிற்றுக் கிழமையும் போச்சு!" என்று ஒரு பெருமூச்சு விடுவீர்கள்.

ஒரு மனிதர் தம்முடைய ஞாயிற்றுக் கிழமைகளை எல்லாம், ஒன்றல்ல, இரண்டல்ல, மூன்று வருஷத்து ஞாயிற்றுக் கிழமைகளை, ஒரே ஓர் எண்ணுக்குக் கொடுத்துவிட்டார். அந்த எண்ணை இரண்டாக உடைக்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை. உடைத்தும் விட்டார். அவர் பெயர் பிராங்க் நெல்சன் கோல். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தவர்.

அந்த எண் இதுதான்:

147573952589676412927

மொத்தம் இருபத்தோர் இலக்கங்கள். நம் வழக்கப்படி வாசித்தால், 14 லட்சத்து 75 ஆயிரத்து 739 கோடி கோடியும், 52 லட்சத்து 58 ஆயிரத்து 967 கோடியும், 64 லட்சத்து 12 ஆயிரத்து 927-ம் ஆகும். மூச்சு வாங்குகிறது அல்லவா? கவலைப்படாதீர்கள். இந்த எண்ணின் பூர்வோத்தரம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு கதையில்தான் இருக்கிறது.

அரிசிக் கணக்கு

சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவன் ராஜாவிடம் பரிசு கேட்ட கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லியிருப்பீர்கள். பலகையின் முதல் கட்டத்தில் ஓர் அரிசி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு, நான்காவதில் எட்டு என்று கட்டத்துக்குக் கட்டம் இரட்டித்துக் கொண்டே போய், அறுபத்து நான்கு கட்டங்களையும் நிரப்பிக் கொடுங்கள் என்றான். "இவ்வளவுதானா?" என்று சிரித்த ராஜாவின் களஞ்சியம் காலியாகியும் கணக்குத் தீரவில்லை.

இப்போது ஒவ்வொரு கட்டம் வரைக்கும் மொத்தம் எத்தனை அரிசி என்று கூட்டிப் பாருங்கள். முதல் கட்டத்தோடு 1. இரண்டாவது வரை 3. மூன்றாவது வரை 7. பிறகு 15, 31, 63, 127 என்று போகும். இவற்றைக் 'கட்டத் தொகை' என்று நாம் சௌகரியத்துக்குப் பெயர் வைத்துக் கொள்வோம். எந்தக் கட்டத் தொகையானாலும் அடுத்த கட்டத்தில் வைக்க வேண்டிய அரிசிக்கு ஒன்று குறைவாக இருக்கும். அது இதன் லட்சணம்.

சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள்தாம் உண்டு. அதோடு இன்னும் மூன்று கட்டங்களை ஒட்ட வைத்து, 67-ஆம் கட்டம் வரை கூட்டினால் வருவதுதான் கோல் மல்லுக்கு நின்ற எண். கிராமுக்கு ஐம்பது அரிசி என்று வைத்துக் கொண்டால் அது சுமார் 2,95,000 கோடி டன் அரிசி. இன்று உலகம் முழுவதும் ஒரு வருஷத்தில் விளைகிற அரிசி ஏறக்குறைய 50 கோடி டன். ஆக, ஒருவரும் ஒரு கவளம் சாப்பிடாமல் 5,900 வருஷம் சேர்த்து வைத்தால் கணக்குச் சரியாகும்!

கொலுப் படி ரகசியம்

எண்ணை 'உடைப்பது' என்றால் என்ன? நவராத்திரிக்குக் கொலு வைக்கிறீர்கள். 21 பொம்மைகள் இருந்தால் மூன்று படி கட்டி, படிக்கு ஏழு என்று சமமாக வைத்துவிடலாம். 23 பொம்மைகள் இருந்தால்? எத்தனை படி கட்டினாலும் ஏதாவது ஒரு படியில் கூடும் அல்லது குறையும். எல்லாவற்றையும் ஒரே படியில் வரிசையாக நிறுத்தினால்தான் உண்டு. அல்லது பொம்மைக்கு ஒரு படி கட்ட வேண்டும். இப்படிச் சமமாகப் பிரிய மறுக்கும் எண்ணைப் பகா எண் என்பார்கள். 21-ஐப் போல் பிரிந்து கொடுப்பது பகு எண்.

கட்டத் தொகைகளில் எவை பகா எண்கள்? இந்தக் கேள்வியில் மனத்தைப் பறிகொடுத்தவர் மாரின் மெர்ஸென் என்ற பிரெஞ்சு தேசத்துத் துறவி. பாரிஸில் ஒரு மடத்து அறையில் இருந்து கொண்டு ஐரோப்பாவின் பெரிய பெரிய கணித மேதைகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, ஒருவர் கண்டதை மற்றவருக்குச் சொல்லி, தாமே ஒரு தபாலாபீஸ் மாதிரி இருந்தவர் அவர்.

கட்ட எண் பகு எண்ணாக இருந்தால் தொகையும் பகு எண்தான். நாலாம் கட்டத் தொகை 15. அது மூன்று ஐந்து. ஆறாம் கட்டத் தொகை 63. அது ஏழு ஒன்பது. கட்ட எண் பகா எண்ணாக இருந்தால் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. 2, 3, 5, 7 ஆகிய கட்டங்களின் தொகைகள் 3, 7, 31, 127. நான்கும் பகா எண்கள். 'அப்படியானால் எப்போதும் இப்படித்தான்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 11 பகா எண்தான். ஆனால் 11-ஆம் கட்டத் தொகையான 2047 காலை வாரிவிடுகிறது. அதை 23 படி கட்டி, படிக்கு 89 பொம்மையாக அடுக்கிவிடலாம்.

மெர்ஸென் 1644-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு ஜாபிதா கொடுத்தார். 257-ஆம் கட்டம் வரை பார்த்தால் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய கட்டங்களின் தொகைகள் மட்டுமே பகா எண்கள் என்றார். எப்படித் தெரிந்தது என்று சொல்லவில்லை. பதினைந்து, இருபது இலக்கமுள்ள எண் பகா எண்ணா என்று சோதித்துப் பார்க்கக் காலம் முழுவதும் போதாது என்று எழுதியவரும் அவரேதான்!

பெரியவர் சொன்னதை யார் மறுப்பது? மறுக்க வேண்டுமானால் சோதிக்க வேண்டும். சோதிக்க யாரால் முடியும்? 1772-ல் ஆய்லர் என்ற மகா மேதை, கண் பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்ட நிலையில், 31-ஆம் கட்டத் தொகையான 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 பகா எண்தான் என்று நிரூபித்தார். அதற்கு மேல் நூறு வருஷத்துக்கு ஒருவரும் நகரவில்லை.

67-ஆம் கட்டம் மட்டும் ஜாபிதாவில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

பானையைத் தட்டினார்

சந்தையில் மண்பானை வாங்கும்போது என்ன செய்வீர்கள்? விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பீர்கள். 'டங்' என்று கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. 'டொக்' என்றால் எங்கேயோ கீறல் இருக்கிறது. கீறல் எங்கே என்று தெரியாது, கண்ணுக்கு அகப்படாது. ஆனால் இருக்கிறது என்பது நிச்சயம். பானையைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பீர்கள்.

எண்ணையும் அப்படித் தட்டிப் பார்க்க முடியும் என்று காட்டினார் எடுவர்ட் லூக்காஸ் என்ற பிரெஞ்சுக்காரர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர் அவர். அவர் கண்ட வழியை 1930-ல் லெமர் என்ற அமெரிக்கர் செம்மைப்படுத்தினார். இப்போது அது ரசம் வைப்பதைப் போல் சுலபமாக இருக்கிறது. செய்து பாருங்களேன்.

நாலில் ஆரம்பியுங்கள். அதை அதனாலேயே பெருக்கி இரண்டைக் கழியுங்கள். வந்த விடையைச் சோதிக்க வேண்டிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக் கொள்ளுங்கள். அந்த மீதியை மறுபடி அதனாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, வகுத்து மீதி எடுங்கள். கட்ட எண்ணில் இரண்டைக் குறைத்து, அத்தனை தடவை இப்படிச் செய்ய வேண்டும். கடைசியில் மீதி பூஜ்யமானால் பகா எண். பூஜ்யம் வராவிட்டால் பகு எண்.

ஐந்தாம் கட்டத் தொகை 31. மூன்று தடவை செய்தால் போதும். நாலு நாலு பதினாறு; இரண்டு போனால் 14. பதினாலைப் பதினாலால் பெருக்கினால் 196. இரண்டு போனால் 194. அதை 31-ஆல் வகுத்தால் மீதி 8. எட்டெட்டு அறுபத்து நாலு. இரண்டு போனால் 62. அதை 31-ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம். டங்! 31 பகா எண். இதே போல் 2047-ஐ ஒன்பது தடவை தட்டினால் கடைசியில் 1736 மீதி நிற்கும். டொக்! கீறல் இருக்கிறது. ஆனால் கவனியுங்கள்: 23 என்றோ 89 என்றோ இந்த 1736 ஒரு வார்த்தை சொல்லவில்லை.

1876-ல் லூக்காஸ் இரண்டு பெரிய பானைகளைத் தட்டினார். 39 இலக்கங்கள் கொண்ட 127-ஆம் கட்டத் தொகை 'டங்' என்றது. யந்திர உதவி இல்லாமல் கையால் கணக்குப் போட்டு நிரூபித்த பகா எண்களில் அதுதான் மிகப் பெரியது. 67-ஆம் கட்டத் தொகையோ 'டொக்' என்றது. இருநூற்று முப்பத்திரண்டு வருஷம் மகாராஜா மாதிரி இருந்த எண்ணின் வேஷம் கலைந்தது.

மெர்ஸென் ஜாபிதாவில் வேறு தவறுகளும் இருந்தன. 257-ஆம் கட்டமும் பொய்த்துப் போயிற்று. 61, 89, 107 ஆகிய மூன்று நல்ல பானைகளை அவர் விட்டுவிட்டிருந்தார். 61-ஆம் கட்டத் தொகை பகா எண் என்று 1883-ல் நிரூபித்தவர் பெர்வூஷின் என்ற ருஷ்யப் பாதிரியார். மெர்ஸென் 61 என்று எழுதியதை அச்சுக்கோத்தவர்தான் 67 ஆக்கிவிட்டார் என்று ஊகிப்பவர்களும் உண்டு. சலவைக் கணக்கு நோட்டில் ஒன்றும் ஏழும் ஒன்று போலத் தோன்றி நாம் சண்டை போட்டதில்லையா?

லூக்காஸைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். வட்டத் தகடுகளை ஒரு கம்பிலிருந்து இன்னொரு கம்புக்கு மாற்றுகிற 'ஹனாய் கோபுரம்' என்ற விளையாட்டுச் சாமான் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். 1883-ல் அதை வெளியிட்டவர் இவரே. அதற்கென்று கட்டிவிட்ட கதையில் நம்முடைய காசி க்ஷேத்திரம் வருகிறது! காசியில் ஒரு கோயிலில் 64 பொன் தகடுகளைப் பூசாரிகள் ஓயாமல் மாற்றிக் கொண்டிருக்கிறார்களாம். முடிந்ததும் பிரளயம் வருமாம். மொத்தம் எத்தனை தடவை மாற்ற வேண்டும் தெரியுமா? சரியாக 64-ஆம் கட்டத் தொகை! விநாடிக்கு ஒரு தகடு மாற்றினாலும் 58,000 கோடி வருஷத்துக்கு மேல் ஆகும். ஆகவே பயப்பட வேண்டாம்.

இரண்டாவது விஷயம் சோகமானது. 1891-ல் ஒரு விருந்தில் பீங்கான் தட்டு ஒன்று கை தவறி விழுந்து உடைந்தது. ஒரு சில்லு தெறித்து லூக்காஸின் கன்னத்தைக் கிழித்தது. காயம் விஷமேறி, சில நாட்களில் அவர் காலமானார். வயது 49. தாம் கீறல் கண்ட எண் இரண்டாக உடைவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

கீறல் எங்கே?

கீறல் இருப்பது தெரிந்துவிட்டது. எங்கே என்று பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். 2, 3, 5, 7 என்று ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதுதான் நமக்குத் தெரிந்த வழி. இந்த எண்ணுக்கு அப்படிச் செய்தால், இரண்டு காரணிகளில் சிறியது எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்றால், சுமார் 1,214 கோடி வரை இருக்கலாம். நிமிஷத்துக்கு ஒரு வகுத்தல் என்று, ஊண் உறக்கம் இல்லாமல் செய்தாலும் சுமார் 23,000 வருஷம் ஆகும். இருபத்தோர் இலக்க எண்ணை ஒரு நிமிஷத்தில் வகுப்பது என்பதே தாராளமான கணக்கு.

இங்கேதான் எண்களின் குணம் தெரிந்திருக்க வேண்டும். கட்ட எண் 67 என்றால், அதன் தொகையை வகுக்கக் கூடிய எந்த எண்ணும் 67-இன் இரட்டிப்பான 134-ஆல் வகுத்தால் மீதி ஒன்று வரும்படியாகத்தான் இருக்கும். இது நிரூபணமான உண்மை. 2047-இல் சரிபார்த்துக் கொள்ளலாம்: 11-இன் இரட்டிப்பு 22. 23-ஐயும் 89-ஐயும் 22-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி ஒன்றுதான். ஆக 134-க்கு ஒன்று வீதம் சோதித்தால் போதும். 23,000 வருஷம் 172 வருஷமாகச் சுருங்கிவிட்டது! இன்னொரு விதி: அந்தக் காரணியை எட்டால் வகுத்தால் மீதி ஒன்றாகவோ ஏழாகவோதான் இருக்க வேண்டும். 172-இல் பாதி போயிற்று. மாவு சலிப்பது போலத்தான். முதலில் பெரிய கண் சல்லடை. அதன் கீழ் அதைவிடச் சிறிய கண். அதன் கீழ் இன்னும் சிறியது.

கோல் இந்தச் சல்லடைகளோடு நிற்கவில்லை. இந்த ஓர் எண்ணுக்கு மட்டும் பொருந்துகிற நுண்ணிய சல்லடைகளைத் தாமே செய்து கொண்டார். கணிப்பு யந்திரம் கிடையாது. காகிதமும் பென்சிலும் பொறுமையும்தான் மூலதனம். வாரம் முழுவதும் கல்லூரி வேலை. அமெரிக்கக் கணித சங்கத்துக்குக் காரியதரிசி வேலை வேறு. மிச்சம் இருந்தது ஞாயிற்றுக் கிழமை.

நினைத்துப் பாருங்கள். ஒரு ஞாயிறு முழுவதும் சலித்துவிட்டு, விளக்கை அணைக்கும்போது கையில் ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. ஐம்பதாவது ஞாயிறும் அப்படியே. 'பாதி வந்துவிட்டோம்' என்று ஆறுதல் சொல்லிக் கொள்ள முடியாது. ஏனெனில் பாதி எது என்று தெரியாது. இருந்தாலும் ஒன்று நிச்சயம். லூக்காஸ் தட்டிய பானை பொய் சொல்லாது. கீறல் எங்கேயோ இருக்கிறது. அந்த ஒரு நம்பிக்கையைப் பிடித்துக் கொண்டுதான் கோல் மறுபடி மறுபடி பென்சிலைச் சீவினார்.

பேசாத பேச்சாளர்

1903-ஆம் வருஷம் அக்டோபர் 31-ந் தேதி, சனிக்கிழமை. நியூயார்க்கில் கணித சங்கத்தின் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் கோலின் பெயரும், 'பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றி' என்ற தலைப்பும் இருந்தன.

அன்று நடந்ததை ஈ.டி. பெல் என்ற கணித ஆசிரியர் பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். கோல் எழுந்து கரும்பலகை அருகே போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. சுண்ணக் கட்டியை எடுத்து இரண்டை 67 தடவை பெருக்கிக் கொண்டே போய், கடைசியில் வந்த எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தார். இருபத்தோர் இலக்கங்கள் பலகையில் நின்றன. பிறகு, இன்னும் பேசாமலே, பலகையின் வெற்றுப் பக்கத்துக்கு நகர்ந்து இரண்டு எண்களை எழுதினார்:

193707721

761838257287

நாம் பள்ளிக்கூடத்தில் செய்வது போலவே ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பெருக்க ஆரம்பித்தார். வரிவரியாக இறக்கினார், கூட்டினார். விடை வந்தது. இடது பக்கத்து எண்ணும் வலது பக்கத்து எண்ணும் இலக்கத்துக்கு இலக்கம் ஒன்று! கோல் சுண்ணக் கட்டியை வைத்துவிட்டுத் தம் இடத்தில் போய் உட்கார்ந்தார். அப்போதும் பேசவில்லை.

சபை கரகோஷம் செய்தது. கட்டுரை படித்தவருக்கு அந்தச் சங்கத்தில் அப்படிக் கைதட்டியது அதுவே முதல் தடவை என்கிறார் பெல். ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். என்ன கேட்பது? 193707721 படிகள், படிக்கு 761838257287 பொம்மைகள். கொலு சரியாக அமர்ந்துவிட்டது!

1911-ல் பெல் அவரைச் சந்தித்தபோது, அந்த எண்ணை உடைக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டார். மூன்று வருஷத்து ஞாயிற்றுக் கிழமைகள் என்று பதில் வந்தது.

இந்த மனிதரின் சுபாவத்துக்கு இன்னோர் உதாரணம். இருபத்தைந்து வருஷம் சங்கத்துக் காரியங்களைப் பார்த்துவிட்டு அவர் ஓய்வு பெற்றபோது நண்பர்கள் சேர்ந்து ஒரு பண முடிப்புக் கொடுத்தார்கள். அதைச் சங்கத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதை வைத்துத்தான் 'கோல் பரிசு' ஏற்பட்டது. கணித உலகத்தில் அது பெரிய கௌரவம். 2008-ல் அதைப் பெற்றவர் நம் பாரத வமிசாவளியில் வந்த மஞ்சுள் பார்கவா.

நமக்கு என்ன லாபம்?

"எண்ணை உடைத்து என்ன ஆகப் போகிறது? அரிசி விலை குறையுமா?" என்று நீங்கள் கேட்டால் அதுவும் நியாயந்தான். கோலுக்கும் அதில் ஒரு லாபமும் இருந்ததில்லை. லாபம் பின்னால் வந்தது.

அந்தப் பேசாத பேச்சில் ஓர் அதிசயம் ஒளிந்திருக்கிறது. கோல் அந்த இரண்டு எண்களைத் தேடிக் கண்டுபிடிக்க நூற்றைம்பதுக்கு மேற்பட்ட ஞாயிற்றுக் கிழமைகள். கண்டதைப் பெருக்கிக் காட்டச் சில நிமிஷங்கள். சேர்ப்பது சுலபம், பிரிப்பது மகா கஷ்டம். பாலில் டிகாக்ஷனை ஊற்றுவது மாதிரி! ஊற்றியாயிற்று, இனி பிரித்துக் கொடு என்றால் யாரால் முடியும்?

1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் என்ற மூவர் இந்தக் கஷ்டத்தையே ஒரு பூட்டாகச் செய்தார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, விடையை ஊரறிய வெளியிட்டுவிடலாம். அது பூட்டு. யார் வேண்டுமானாலும் பூட்டலாம். அந்த இரண்டு எண்களும் தெரிந்தவர்தான் திறக்கலாம். அவைதாம் சாவி. இன்று கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ரகசியங்களைக் காப்பதில் இந்த வகைப் பூட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. வழக்கமாகப் போடும் பூட்டு எண்ணுக்கு 617 இலக்கங்கள் இருக்கும்.

அதே வருஷம் 129 இலக்க எண் ஒன்றை வெளியிட்டு, "உடையுங்கள் பார்க்கலாம், நூறு டாலர் பரிசு!" என்று சவால் விட்டார்கள். உடைக்கக் கோடிக் கோடி வருஷம் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். பதினேழே வருஷத்தில், 1994-ல், சுமார் 600 தொண்டர்கள் பல தேசங்களிலிருந்து தங்கள் கம்ப்யூட்டர்களை ஓட்டி உடைத்துவிட்டார்கள். 2020-ல் 250 இலக்க எண் ஒன்றும் உடைந்தது. பூட்டுச் செய்கிறவர்களும் இலக்கத்தைக் கூட்டிக் கொண்டே போகிறார்கள். கோலின் எண்ணை இன்றைய கம்ப்யூட்டர் கண் இமைக்கும் நேரத்தில் உடைத்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தட்டிப் பார்க்கும் வித்தையும் வளர்ந்திருக்கிறது. லூக்காஸின் சோதனை கட்டத் தொகைகளுக்குத்தான் பொருந்தும். எந்த எண்ணானாலும், அது பகா எண்ணா இல்லையா என்பதை ஊகத்துக்கு இடமின்றி விரைவாகச் சொல்லிவிட ஒரு வழி உண்டு என்று 2002-ல் நிரூபித்தவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய இருவரும். நமக்கெல்லாம் பெருமை தரும் காரியம். ஆனால் கீறல் எங்கே என்று சாதாரணக் கம்ப்யூட்டரில் அதே விரைவில் காட்டிக் கொடுக்கும் வழியை இன்று வரை யாரும் கண்டதில்லை.

'கணக்கு நமக்கு எதற்கு, பிள்ளைகள் பார்த்துக் கொள்ளட்டும்' என்று இருக்கிற பெண்களுக்கு ஒரு வார்த்தை. 1978-ல், அதுவரை தெரிந்திருந்த எல்லாவற்றையும் விடப் பெரிய பகா எண் ஒன்று அகப்பட்டது. அது 21,701-ஆம் கட்டத் தொகை. அதற்கு 6,533 இலக்கங்கள். கண்டுபிடித்த இருவரும் கலிபோர்னியாவில் உள்ள ஹேவர்ட் என்ற ஊரில் பள்ளியில் படித்து வந்த பதினெட்டு வயதுக்காரர்கள். அவர்களில் ஒருவர் லாரா நிக்கல் என்ற பெண். அவர்கள் தட்டிப் பார்த்ததும் லூக்காஸின் வழியில்தான்.

அரை மணி நேரம் கிடைக்குமா?

அடுத்த ஞாயிற்றுக் கிழமை மத்தியானம், வீடு அடங்கிய பிறகு, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் கொள்ளுங்கள். 761838257287 என்று எழுதி, அதன் கீழ் 193707721 என்று எழுதிப் பெருக்குங்கள். கீழ் எண்ணில் ஒரு பூஜ்யம் இருப்பதால் எட்டே வரிதான். அரை மணியில் முடிந்துவிடும்.

முடித்ததும் நம் பாட்டனார் காலத்துச் சோதனை ஒன்றைச் செய்து பாருங்கள். சிறிய எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 37. அதைக் கூட்டினால் 10. அதையும் கூட்டினால் 1. பெரிய எண்ணுக்கு 64. அதுவும் 10 ஆகி 1 ஆகும். ஒன்றும் ஒன்றும் பெருக்கினால் ஒன்று. உங்கள் விடையின் இலக்கங்களைக் கூட்டினால் 109 வந்து, 10 ஆகி, ஒன்றில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எங்கேயோ கை தவறியிருக்கிறது. நின்றுவிட்டால் ஓரளவு திருப்தி கொள்ளலாம். இலக்கத்துக்கு இலக்கம் ஒத்துப் பார்த்தால் முழுத் திருப்தி.

விடை சரியாக வந்து நிற்கும்போது, நியூயார்க்கில் அந்தச் சபையினர் எதற்காகக் கைதட்டினார்கள் என்று உங்களுக்குப் புரியும். 1644-லிருந்து 259 வருஷம் ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்த கீறலை உங்கள் பென்சிலாலேயே தொட்டுவிட்டீர்கள். கோல் கொடுத்த ஞாயிற்றுக் கிழமைகள் அவருக்குத் திரும்பி வரவில்லை. அவற்றின் பலன் மட்டும் அந்த எட்டு வரியில் அப்படியே இருக்கிறது.

"என்ன அம்மா எழுதுகிறாய்? மளிகைச் சாமான் கணக்கா?" என்று யாராவது எட்டிப் பார்த்தால், "இல்லை, அறுபத்தேழு கட்டத்து அரிசிக் கணக்கு" என்று சொல்லிப் பாருங்கள். மாலைக் காப்பியை அவர்களே போட்டுக் கொண்டு வந்தாலும் வருவார்கள்!